படலை வரை வந்த தோரணம்

கம்பஸ் பிள்ளைகள் எங்கள் தீவில் வந்து இறங்கிய நாளில் இருந்து எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதற்கு முன்பு எல்லாம் விளங்கியிருந்தது என்று சொல்லவரவில்லை. ஆனால் விளங்காதவை எல்லாம் ஒரே மாதத்தில், ஒரே கட்டடத்தில், என்னைப் பாயில் இருத்திவைத்து நடந்தது அப்போதுதான்.

கட்டடம் என்றால் இளைஞர் மன்றம். அனலைதீவில் வள்ளம் வந்து நிற்கும் துறையில் இருந்து வருகிற ஒழுங்கைப் பாதை அந்த மன்றத்தின் வாசலைத் தொட்டுக்கொண்டுதான் எங்கள் வீட்டு வேலிப் படலைக்கு வரும். உள்ளே ஒரு கரம் பலகை, இருக்க இரண்டு வாங்கு, ஊர்காவற்றுறையில் இருந்து ஒருநாள் பிந்தி வரும் பேப்பர். இவ்வளவுதான் அதன் சொத்து. பொம்பிளைப் பிள்ளைகள் அந்தப் பக்கம் தலைகாட்டக்கூடாது. பந்து உள்ளே விழுந்தால்கூட வெளியில் நின்று கையை நீட்டிக் கேட்கவேண்டும். அப்படியான இடத்துக்கு அந்த ஆவணி விடுமுறையில் அம்மா எனக்குத் தலை இழுத்து, பவுடர் பூசி, "போய் இரு, மத்தியானம் வரைக்கும் வராதை" என்று தள்ளிவிட்டார். என் முதலாவது குழப்பம் அது.

எழுபதுகள் முடிந்துகொண்டிருந்த காலம். தெற்கில் கலவரம், தமிழரை அடிக்கிறார்கள் என்று பெரியவர்கள் கதைத்தார்கள். கம்பஸை, அதாவது பல்கலைக்கழகத்தை, மூடிவிட்டார்களாம். பள்ளிக்கூடம் மூடினால் நாங்கள் வீட்டுக்கு ஓடுவோம். இவர்கள் நாலுபேரும் வீட்டுக்குப் போகாமல் எங்கள் ஊருக்கு வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் மட்டும் எங்கள் ஊர்க்காரர், மேற்குக்கரைப் பக்கம். தடித்த கண்ணாடி போட்டிருந்ததால் அவர் எங்களுக்குக் கண்ணாடி அண்ணை. மற்றவர்கள் அவர் கூட்டிவந்த சிநேகிதர்கள். அதில் கொழும்பில் பிறந்து வளர்ந்த ஒரு அக்கா இருந்தார். கிணற்றில் துலா மிதித்துத் தண்ணீர் இறைக்கத் தெரியாது. பனங்கிழங்கை எந்தப் பக்கத்தால் உரிப்பது என்று தெரியாது. ஆனால் எங்களுக்குப் படிப்பிக்க வந்திருந்தார்.

"உங்கடை வீடு கொழும்பிலை எண்டால் ஏன் அங்கை போகேல்லை?" என்று நான் கேட்டேன்.

"இப்ப அங்கே வீடு இல்ல. அம்மா அப்பா எல்லாரும் யாழ்ப்பாணத்தில சொந்தக்காரர் வீட்டில இருக்கிறாங்க."

வீடு எப்படி இல்லாமல் போகும்? ஆட்கள் இல்லாமல் போகலாம், வீடு அங்கேயேதானே நிற்கும். இதைக் கேட்க நான் வாயைத் திறக்கும்போது கண்ணாடி அண்ணை எல்லாரையும் வட்டமாக நிற்கச் சொன்னார்.

தெற்கில் இருந்து உடுத்த உடுப்போடு வந்துசேர்ந்த குடும்பங்கள் ஊரில் சில இருந்தன. அந்தப் பிள்ளைகளையும் எங்களையும் ஒன்றாக வைத்து விளையாடவிட்டால் அவர்களுக்கு மனம் ஆறும் என்று கம்பஸ் பிள்ளைகள் நினைத்திருந்தார்கள். ஆனால் அவர்கள் காட்டிய விளையாட்டுகளில் ஒருவரும் தோற்கமாட்டார்கள். கடைசியில் எல்லாருக்கும் கைதட்டுவார்கள். தோற்காத விளையாட்டை எதற்கு விளையாடுவது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. படம் கீறச் சொன்னார்கள். தெற்கில் இருந்து வந்த ஒரு பெடியன் கூரை இல்லாத வீடு ஒன்று கீறினான். கூரையை மறந்துபோனாய் என்று நான் என் பென்சிலால் ஒரு கூரை போட்டுக்கொடுத்தேன். கொழும்பு அக்கா என் கையைப் பிடித்து, "வேணாம், அவர் கீறினதுதான் சரி" என்றார். பிழையைச் சரி என்று சொல்கிற ரீச்சரை நான் அதற்கு முன்பு கண்டதில்லை.

எங்கள் வீட்டிலும் விஷயங்கள் ஒழுங்காக இல்லை. அப்பாவுக்குத் தெற்கே ஒரு சின்னப் பட்டினத்தில் கடை. வருடத்தில் பெரும்பகுதி அங்கேதான் இருப்பார். திருவிழாவுக்கும் தீபாவளிக்கும் மட்டும் வருவார். கலவரம் தொடங்கிய பிறகு அவரிடம் இருந்து கடிதம் இல்லை, ஆள்மூலம் செய்தியும் இல்லை. தபால் ஓடவில்லை, றெயில் ஓடவில்லை என்று எனக்குச் சொன்னார்கள். நானும் தபால் ஓடும்போது அப்பாவும் வருவார் என்று இருந்துவிட்டேன். அம்மா மட்டும் பின்னேர வள்ளம் வரும் நேரத்துக்கு ஒவ்வொரு நாளும் துறைக்குப் போனார். மீன் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போவார். வெறுங்கையோடு திரும்பிவருவார்.

"மீன் இல்லையோ அம்மா?"

"இண்டைக்கு மீன் படேல்லை."

நாலு பக்கமும் கடல் உள்ள ஊரில் அந்த மாதம் முழுவதும் எங்கள் வீட்டுக்கு மட்டும் மீன் படவில்லை. காலையில் என்னை மன்றத்துக்கு அனுப்புவதில் அம்மா காட்டிய அவசரத்தைப் பார்த்து, அவருக்குக் கம்பஸ் பிள்ளைகளில் அவ்வளவு பற்று என்று நினைத்தேன். நான் வீட்டில் இல்லாத நேரத்தில்தான் அவர் அழமுடியும் என்பது என் புத்திக்கு எட்டவில்லை.

விடுமுறை முடியப்போகிறது, ஒரு கலைவிழா வைத்துவிட்டுப் போவோம் என்று கம்பஸ் பிள்ளைகள் தீர்மானித்தார்கள். எனக்குக் குட நடனம். குடத்தைத் தலையில் வைத்துக் கையை விட்டு ஆடவேண்டும். பயிற்சியில் குடத்தைப் போட்டு நெளித்த ஒரே ஆள் நான்தான் என்றாலும், முன்வரிசையில் நிற்க இடம் தந்தார்கள். அம்மா பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். அன்றைக்கு மட்டும் துறைக்குப் போகாமல் நேரத்தோடு முழுகிவிட்டு வருவதாக எனக்கு வாக்குத் தந்தார்.

விழா நாள் மத்தியானம் கொழும்பு அக்கா மன்றத்தின் வாசலைப் பார்த்துவிட்டு, "ஒரு அலங்காரமும் இல்லாம மொட்டையா இருக்கே" என்றார். கொழும்பில் கலர்க் கடதாசி வாங்கி ஒட்டுவார்களாம். எங்கள் ஊர்க் கடையில் கலர்க் கடதாசி ஏது? தோரணம் கட்டலாம், எங்களுக்குப் பின்னத் தெரியும் என்று நாங்கள் எல்லாரும் ஒரே குரலில் சொன்னோம். அவரின் முகம் மலர்ந்தது. கண்ணாடி அண்ணையைக் கேட்டிருந்தால் அவர் பார்த்துச் சொல்லியிருப்பார். அவரும் மன்றத்து அண்ணைமாரும் ஒலிபெருக்கி எடுத்துவர ஊர்காவற்றுறைக்குப் போயிருந்தார்கள். ஒரு ஒலிபெருக்கிக்கு இத்தனை பேர் எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை.

குருத்தோலை வந்தது. கிழித்து, மடித்து, குருவி குருவியாகப் பின்னினோம். எங்கள் பக்கத்துத் தோரணத்தில் ஓலையை மடித்துக் குருவித்தலை வைப்பார்கள். நல்ல காரியம் என்றால் அந்தக் குருவிகள் மேலே பார்க்கும். செத்தவீடு என்றால் கீழே பார்க்கும். தோரணத்தைப் பார்த்தே இன்ன வீடு என்று ஊர் அறிந்துகொள்ளும், ஒருவரையும் கேட்கத் தேவையில்லை. பெரியவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். எங்களுக்குத் தெரிந்தது பின்னுவது மட்டும். அந்த வருடம் ஊரில் கலியாணம் நடக்கவில்லை. நடந்தது எல்லாம் செத்தவீடு. அங்கே ஓலை எடுத்துக்கொடுத்துப் பழகிய விரல்கள் அப்படியே பின்னின. எல்லாக் குருவிகளும் நிலத்தைப் பார்த்தன. கீழே வருகிற ஆட்களைப் பார்க்கின்றன என்று நான் கொழும்பு அக்காவுக்கு விளக்கமும் சொன்னேன். "எவ்வளவு வடிவாயிருக்கு" என்று அவர் ஆச்சரியப்பட்டார்.

மன்றத்து வாசலில் தொடங்கி வேலி நீளத்துக்குக் கட்டினோம். கயிறு மிஞ்சியது. வெட்டுவானேன் என்று கொழும்பு அக்கா அதை இழுத்துக்கொண்டுபோய் எங்கள் படலையடிப் பூவரசில் முடிந்துவிட்டார். என் வீடும் விழா வீடாகிவிட்டது என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகு எங்களை உள்ளே கூப்பிட்டு முகத்துக்குச் சாயம் பூசினார்கள். நான் உதட்டுச் சாயம் அழியாமல் இருக்க வாயைத் திறந்தபடி இருந்தபோது பின்னேர வள்ளம் வந்தது. ஒலிபெருக்கி எடுக்கப் போனவர்கள் அதை இறக்குவதில் துறையிலேயே மினக்கெட்டார்கள். சந்தைக்குப் போய்வந்த பெண்கள் முதலில் ஒழுங்கையால் வந்தார்கள். தோரணத்தைக் கண்டார்கள். அது எந்தப் படலையில் போய் முடிகிறது என்பதையும் கண்டார்கள். அந்தப் படலைக்காரரைப் பற்றித் தெற்கில் இருந்து ஒரு செய்தியும் இல்லை என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். பனையோலைக் கடகங்களை ஒழுங்கையில் போட்டுவிட்டு, தலையில் கையை வைத்துக்கொண்டு எங்கள் முற்றத்துக்குள் ஓடினார்கள்.

அம்மா கிணற்றடியில் இருந்து ஈரத்தலையோடு வந்தார். வள்ளத்தில் வந்தவர்கள் குழறி அழுதுகொண்டு வருகிறார்கள் என்றால் செய்தி வள்ளத்தில் வந்திருக்கிறது. அம்மா அப்படித்தான் எடுத்துக்கொண்டார். வந்தவர்களோ, தோரணம் கட்டியாகிவிட்டது, ஆகவே செய்தி வீட்டுக்கு முதலே வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டார்கள். இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் கேட்கவில்லை. கட்டிப்பிடித்து அழத்தொடங்கிவிட்டார்கள்.

சத்தம் கேட்டு நான் குடத்தோடு ஓடிவந்தேன். என்னைக் கண்டதும் அழுகை கூடியது. ஒருத்தி என்னை இழுத்து மார்போடு அணைத்தாள், பிறகு இன்னொருத்தி. என் பவுடரும் உதட்டுச் சாயமும் அவர்களின் சட்டைகளில் போயின. குடத்தை யாரோ பறித்து மூலையில் வைத்தார்கள். நான் ஆடப்போவது இவர்களுக்கு இவ்வளவு துக்கமா என்று திகைத்துப்போய் நின்றேன். அதற்குள் பெரியப்பா வந்தார். அப்பாவின் தமையன், அடுத்த வீட்டு வளவு. எல்லை வேலியை அரை அடி தள்ளிப்போட்டதில் எங்களோடு கதைபேச்சு இல்லாமல் இருந்தவர், அன்றைக்கு அந்த வேலியையே பிரித்துக்கொண்டு உள்ளே வந்தார்.

அம்மா நிலத்தில் குந்தியிருந்து அழுதார். அவர் ஒப்பாரி சொல்லி நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான்.

"கடை கடையெண்டு போனியே ராசா. றோட்டிலை செத்தியோ, றெயிலிலை செத்தியோ, ஒருத்தரும் காணேல்லையே. எனக்கெண்டால் ஊர் வந்து சொல்லிப்போட்டுது. அங்கை இருக்கிறவளுக்கு ஆர் போய்ச் சொல்லுவினம்? அந்தக் குஞ்சுக்கு ஆர் சொல்லுவினம்?"

முற்றத்தில் அழுகை சட்டென்று நின்றது. பக்கத்தில் இருந்த பெண் அம்மாவின் தலையை இழுத்துத் தன் தோளுக்குள் புதைத்தாள். வேறொருத்தி வேண்டுமென்றே பெரிதாகக் குழறத் தொடங்கினாள். எந்தக் குஞ்சு என்று நான் யோசித்தேன். எங்கள் கோழி அடையில் இருந்தது, இன்னும் பொரிக்கவில்லை.

பெரியப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, செத்தவீட்டை நடத்தவேண்டிய ஆள் தான்தான் என்ற பொறுப்போடு எழும்பினார். "தந்தி ஆர் கொண்டந்தது?" என்று கேட்டார்.

வள்ளத்துப் பெண்கள் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா வள்ளத்துப் பெண்களைப் பார்த்தார்.

"நீங்கள்தானே வந்து சொன்னனீங்கள்," என்றார் அம்மா.

"நாங்கள் ஒண்டும் சொல்லேல்லையே பிள்ளை. தோரணத்தைக் கண்டிட்டு வந்தனாங்கள்."

எல்லாரும் படலையைத் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே கொழும்பு அக்கா கையில் கத்தரிக்கோலோடு, ஏன் அழுகிறார்கள் என்று தெரியாமல் நின்றார். பெரியப்பா போய்த் தோரணத்தில் ஒரு குருவியைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"இதை ஆர் கட்டினது?"

"நாங்கதான் ஐயா. பிள்ளைகளின்ட கலைவிழாவுக்கு."

"பிள்ளை, இது செத்தவீட்டுத் தோரணம்."

கொழும்பு அக்கா கத்தரிக்கோலைக் கீழே விட்டுவிட்டு நின்ற இடத்திலேயே குந்தினார். "அப்ப அவர் சாகேல்லை," என்று ஒரு குரல் கேட்டது. யாரோ சிரித்தார்கள். சிரிப்பு ஒருத்தியிடம் இருந்து மற்றவளுக்குத் தொற்றியது. கண்ணீரோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பெரியப்பாகூடச் சிரித்தார். எனக்குச் சந்தோஷம். அப்பா சாகவில்லை, அழுகை முடிந்தது, இனி ஆடலாம்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. முந்தியதைவிட மோசமாக அழுதுகொண்டு எழும்பி, வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார். நல்ல செய்தி கேட்டுவிட்டு அழுகிறாரே என்று எனக்குக் கோபமே வந்தது. கடகங்களைப் பொறுக்கிக்கொண்டு போன பெண்களில் ஒருத்தி மெல்லிய குரலில், "பாவம், இத்தனை வருசம் பூட்டி வைச்சதைச் சபையிலை சொல்லிப்போட்டாள்," என்றாள். மற்றவள், "ஏதோ எங்களுக்குத் தெரியாததுபோலை," என்றாள். என்ன தெரியும் என்று நான் பின்னாலேயே போய்க் கேட்டேன். போய் முகத்தைக் கழுவு என்றார்கள்.

கொழும்பு அக்கா சாத்திய கதவுக்கு வெளியே நின்று, "அன்ரி, மன்னிச்சுக்கொள்ளுங்க. எனக்குத் தெரியாது அன்ரி," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். விழா வேண்டாம், நாங்கள் நாளைக்கே போய்விடுகிறோம் என்றும் சொன்னார். கனநேரத்துக்குப் பிறகு கதவு திறந்தது. அம்மா முகம் கழுவி, தலை முடிந்திருந்தார்.

"நீர் என்ன செய்வீர் பிள்ளை. பிள்ளையள் ஆடட்டும்," என்றார்.

பெரியப்பாவே இருந்து குருவிகளை மேலே பார்க்கும்படி திருப்பிப் பின்னிக்கொடுத்தார். விழா நடந்தது. நான் குடத்தைப் போடாமல் ஆடினேன். அம்மா முன்வரிசையில் நிமிர்ந்து இருந்தார். அவருக்கு இரண்டு பக்கமும் இருந்தவர்கள் அவரைப் பார்க்காமல் மேடையையே மிகக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கம்பஸ் பிள்ளைகள் போன அன்று நாங்கள் எல்லாரும் துறைக்குப் போனோம். அவர்களை ஏற்ற வந்த வள்ளத்தில் இருந்து முதலில் இறங்கியவர் அப்பா. இடுப்பில் வேறு யாருடையதோ சாரம், முகத்தில் தாடி, கையில் ஒன்றும் இல்லை. நான் அப்பா என்று கத்தவும் கொழும்பு அக்கா அவரைப் பார்த்துவிட்டு விம்மி விம்மி அழுதார். அப்பா பயந்துபோய், "இந்தப் பிள்ளை ஆர்?" என்று என்னைக் கேட்டார். அவர் செத்ததற்குத் தோரணம் கட்டிய அக்கா என்று நான் அறிமுகப்படுத்தினேன். அப்பாவின் முகம் போன போக்கு எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது.

அன்று எங்கள் முற்றம் மறுபடி நிறைந்தது. கடை எரிந்த கதையை அப்பா நிதானமாகச் சொன்னார். எங்கே ஒளித்திருந்தனீர் என்று பெரியப்பா கேட்டார்.

"தெரிஞ்ச ஆக்கள் வீட்டிலை. அதுகள்தான் வைச்சுப் பாத்து லொறியிலை ஏத்திவிட்டதுகள்."

ஆர் வீட்டில் என்று ஒருவரும் மேலே கேட்கவில்லை. துருவித் துருவிக் கேட்கிற எங்கள் ஊர்ச் சனம் அன்றைக்கு என்னத்துக்கு அப்படிப் பொறுமை காத்தது என்று எனக்கு அதிசயம். எல்லாரும் போனபிறகு அம்மா சாப்பாட்டுக் கோப்பையை அப்பாவின் முன்னால் வைத்துவிட்டு, பக்கத்தில் நின்று கேட்டார்.

"அதுகள் பத்திரமோ?"

அப்பா தலையை நிமிர்த்தி அம்மாவைப் பார்த்தார். "ஓம்," என்றார். பிறகு கையைச் சோற்றில் வைத்தபடி அழுதார். கடை எரிந்ததைச் சொல்லும்போது அழாத மனுஷன், பத்திரம் என்று சொல்லிவிட்டு அழுதார். அம்மா குழம்பு ஊற்றினார்.

தீபாவளி முடிய அப்பா திரும்பவும் தெற்குக்குப் போவதென்று முடிவானது. கடையைத் தூக்கி நிறுத்தவேண்டும் என்றார். அம்மா மறிக்கவில்லை. அந்தக் கிழமை நீலப்பூப் போட்ட துணி எடுத்து எனக்குச் சட்டை தைத்தார். தைத்து முடித்தபிறகு, மிச்சத் துணியோடு என்னை மறுபடி கூப்பிட்டு நிற்கவைத்தார். துணியை என் தோளில் இருந்து பிடிக்காமல், நெஞ்சளவில் இருந்து கீழே பிடித்தார்.

"இவ்வளவு வருமோ?" என்று, தலையை நிமிர்த்தாமல் கேட்டார். என்னைக் கேட்கவில்லை.

கதிரையில் இருந்த அப்பாவின் பேப்பர் மெல்லக் கீழே இறங்கியது.

"இன்னும் கொஞ்சம் குறைய."

அம்மா இரண்டு விரல் குறைத்துப் பிடித்தார். நான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன். பிள்ளைகள் வளர்வார்கள் என்பது எனக்குத் தெரியும். சுருங்குவார்கள் என்று பள்ளிக்கூடத்திலும் சொல்லித்தரவில்லை, கம்பஸ் பிள்ளைகளும் சொல்லித்தரவில்லை.

"எனக்கு இது அளவு காணாது அம்மா," என்றேன்.

"ஓம், உனக்குக் காணாது," என்று சொல்லிக்கொண்டே அம்மா துணியை வெட்டினார்.